பாதிச் சுற்றில் நின்ற ஊர்

பிற்பகல் இரண்டு பத்துக்கு, நாற்பத்தாறு பேருடன் மேகமடை பேருந்து நிலையத்துக்குள் நுழைந்த திருப்பூர் வண்டியின் கடைசி வரிசையில், மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள் வசந்தாமணி. பனியன் கம்பெனியில் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர்களை எங்காவது கூட்டிப்போவது வழக்கம். போன வருடம் ஒகேனக்கல், அதற்கு முந்தின வருடம் கொடிவேரி, இந்த 2018இல் மேகமடை ஏரியும் அதில் நூறு வருடத்துக்கு மேலாக ஓடும் நீராவிக் கப்பலும். பையில் மேலாக ஒரு தூக்குப்போசி நிறையத் தக்காளி சாதம் இருந்தது, அதற்கடியில் ஒரு துண்டு இருந்தது, துண்டுக்கடியில், ஏற்றுமதி ஆர்டரில் வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணியில் சாப்பாட்டு இடைவேளைகளில் அவள் தைத்த ஏழு ஜப்லாச் சட்டைகள் இருந்தன, பிறந்த குழந்தையின் அளவுக்கு.

குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. செய்தி வந்தது தையல் லைனில் பக்கத்து மிஷின்காரியான கோகிலாவின் போனில்; டீ நேரத்தில், பீஸ் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, வசந்தாமணி இரண்டு வருடம் கழித்துத் தன் மகளின் குரலைக் கேட்டாள். “அம்மா, பொட்டப்புள்ளம்மா. அழுதாள்னா ஓவர்லாக் மிஷின் ஓடற மாதிரி இருக்குது” என்றாள் பிருந்தா.

பிருந்தா அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்த ஜெயசீலனைக் கட்டிக்கொண்டு போனவள். அவன் ஆனைப்பாறை தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டுப் பையன், வேறு சாதி. அவர்கள் போன அன்று, லைன் சூப்பர்வைசரும் வசந்தாமணியின் புருஷனுமான நாச்சிமுத்து, வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி மனைவியிடம் ஒரு வாக்கியம் சொன்னார்: “அவ வாசல்ல நீ காலு வெச்சீன்னா, மறுக்கா என்ற வாசல்ல காலு வெக்கப்படாது.” சத்தமாகச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பீஸில் ஒரு நூல் பிசிறு நின்றால்கூட மூட்டையைப் பிரித்துத் திருப்பி அனுப்புகிறவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில் அவர் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியைச் செருகியிருப்பார், கோயிலுக்குப் போனாலும், டூருக்கு வந்தாலும்.

மேகமடைக்கு மேற்கே பதினோரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் ஆனைப்பாறை. இது தெரிந்த நாளிலிருந்து வசந்தாமணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது, நடந்தால் எங்கே போகிறோம் என்று நிற்கத் தோன்றியது. தறிகெட்ட காலைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து இறங்கிய ஊரோ, அவளைவிட மோசம்.

மேகமடையில் கப்பல் நகர்வதில்லை, ஊர்தான் நகர்கிறது. பதினோரு வருடமாக அப்படித்தான். அதற்கு முன்னால் கப்பலும் எல்லாக் கப்பலையும் போலத்தான் இருந்தது. வெள்ளைக்காரர்கள் துண்டுதுண்டாக மாட்டுவண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து பூட்டியது, இரண்டு பக்கமும் ஆளுயரச் சக்கரம், நடுவில் கறுப்புப் புகைபோக்கி, முகப்பில் அகஸ்டா என்று பெயர், ஊரார் வாயில் அகத்தாள். ஒரு புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை காலை நடைக்கு அகத்தாள் கூவி, சக்கரங்கள் தண்ணீரை அடிக்கத் தொடங்கியபோது, கப்பல் நின்ற இடத்தில் நிற்க, கீழத்துறையும் அதை ஒட்டிய பேருந்து நிலையமும் கடைவீதியும் பள்ளிவாசலும் பிள்ளையார் கோயிலும் அக்கரையில் மேலத்துறையும் மாதா கோயிலும், ஏரியைச் சுற்றி வளையம்போல் கட்டிய ஊர் மொத்தமும், ரங்கராட்டினம் கிளம்புகிற மாதிரி மெல்ல நழுவிப் புறப்பட்டது. சலூனில் பாதி முகம் மழித்திருந்த தபால்காரர், கண்ணாடியில் ஏறிய வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் ஊர் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்தது, வெயிலும் கண்ணாடியிலிருந்து இறங்கிவிட்டது. அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

வளையத்துக்கு வெளியே எதுவும் அசையவில்லை. மலை இருந்த இடத்தில் இருந்தது, காரட் தோட்டங்கள் இருந்த இடத்தில் இருந்தன, கிழக்கே திருப்பூர்ப் பக்கம் இறங்கும் மலைப்பாதையும் மேற்கே ஆனைப்பாறைக்கு இறங்கும் மலைப்பாதையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஊர் மட்டும் அவற்றின் வாய்களைக் கடந்து கடந்து போயிற்று. முதல் மாதம் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனவர்கள் திரும்பி வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் நின்ற வேறொருவர் வீட்டுக்குள் போய்க் கைகால் கழுவிச் சோறு கேட்டார்கள், சில வீடுகளில் போடவும் போட்டார்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரமும் கப்பல் நேரமும் மோதாமல் பேசி முடித்தார்கள், கப்பல் ஓட்டும் சாராங்கு ஹனீபா அந்த ஜமாத்தைச் சேர்ந்தவர் என்பதால் அது சுலபமாகத்தான் முடிந்தது. பிள்ளையார் கோயில் குருக்கள், சாமி ஒரு நாளைக்கு மூன்று தரம் எல்லாத் திசையையும் பார்ப்பது காசியில்கூடக் கிடையாது என்று சொல்லத் தொடங்க, கூட்டம் கூடியது. மின்வாரியம் கம்பியை நீளமாக விட்டது. பேரூராட்சி, கிழக்குத் தெரு மேற்குத் தெரு என்ற பலகைகளைக் கழற்றிவிட்டு எட்டுப் பூக்களின் பெயரை வைத்தது. லாட்ஜ்காரர்கள் ஒரே அறையைச் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் சேர்த்து வாடகைக்கு விட்டார்கள். சென்னையிலிருந்து கருவிகளோடு வந்த பேராசிரியர் ஒருவர் நான்கு நாள் அளந்தார், ஐந்தாம் நாள் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது, போய்விட்டார்.

ஊரை ஒழுங்கில் வைத்திருந்தது மணி. கப்பலின் மேல்தட்டில் ஒரு பித்தளை மணி தொங்கியது. புறப்பட ஒரு அடி, முடிந்தது என்பதற்கு இரண்டு அடி. ஒற்றை மணி கேட்டதும் பேருந்து நிலைய வாசலில் போலீஸ்காரர் குறுக்கே கயிற்றைக் கட்டுவார், ஒரு வண்டியும் வெளியே போகாது. இரட்டை மணி கேட்டதும் கயிற்றை அவிழ்ப்பார். குருக்கள் திரையை விலக்குவார், கல்யாண வீட்டில் தாலி கட்டுவார்கள், சலூன்காரர் கத்தியைத் திரும்ப எடுப்பார். பதினோரு வருடத்தில் மேகமடைக்காரர்கள் கண்ணால் பார்ப்பதை நம்புவதைக் கைவிட்டிருந்தார்கள், மணியை நம்பினார்கள். ஆனாலும் அவர்கள் யாரும் நிலையாக உட்கார்வதில்லை. டீக்கடை பெஞ்சுகூட நுனியில்தான் தேய்ந்திருந்தது.

பேருந்து நிலைய வாசலில் இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லும் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. கம்பெனிக்காரர்கள் அதன் முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

“ஊரு சுத்துதாமாக்கா. தலை கிறுகிறுக்காதாக்கா?” என்றாள் கோகிலா.

“டிக்கெட்ல எல்லாஞ் சேர்த்தித்தான்” என்றார் டூரை நடத்தி வந்த மேனேஜர் தண்டபாணி.

நாச்சிமுத்து பேருந்தை ஒரு பார்வை பார்த்தார். “ஊரு சுத்துனா நமக்கென்னுங்? நம்ம வண்டி நின்ன எடத்துல நின்னாச் சேரி” என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

கடைசி நடை ஐந்து மணிக்கு. அதுவரை சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள். நாச்சிமுத்து மற்ற ஆண்களோடு தைலக் கடைக்குள் நுழைந்த நேரம் பார்த்து வசந்தாமணி நழுவினாள். கீழத்துறை ஓரம், கரி அடுப்பில் சோளக்கதிர் வாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்று, சோளம் கேட்காமல், “ஆனைப்பாறைக்குப் பஸ் எங்கீங்க நிக்கும்?” என்றாள்.

சோளக்காரி எஸ்தர் மலைக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது, தெற்குச் சீமைப் பேச்சு மட்டும் இன்னும் மலையேறவில்லை. “ஆனைப்பாறையா? அது மேக்கு ரோடுல்லா. இப்ப ரோடு ஒம் பக்கம் இல்லியே, தாயி. அன்னா, அக்கரையில மாதா கோயில் தெரியுதா, அங்ஙன போயி நிக்கணும். சாயந்தரம் நாலரைக்கு ஒரே ஒரு வண்டி.”

“போயிட்டு, எங்க வண்டி கெளம்பற ஆறு மணிக்குள்ளாற திரும்பி வந்தரலாமுங்ளா?”

எஸ்தர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசிறியை நிறுத்தினாள். “யாரு இருக்கா அங்ஙன?”

“என்ற புள்ள இருக்கறாளுங்க.”

“ஒம் புருஷன் கூட வந்திருக்காராக்கும்?”

வசந்தாமணி தைலக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

“ஆறு மணிக்குத் திரும்ப முடியாது” என்றாள் எஸ்தர், ஒரு கதிரைப் புரட்டிவிட்டு. “ஏழு மணிக்கு மேல ரோட்டையே அடச்சிருவாவ, ஆன இறங்கும். போனா விடிஞ்சுதான் வரணும்.”

“அந்த ரோடு எப்பத்தானுங்க என்ற பக்கம் வரும்?”

இதைக் கேட்டபோது வசந்தாமணி விளையாட்டாகக் கேட்கவில்லை, எஸ்தரும் சிரிக்கவில்லை. “கப்பல் பாதிச் சுத்துல நின்னா வரும். பஸ் ஸ்டாண்டு அங்ஙன போயிரும், மாதா கோயில் இங்ஙன வந்துரும். ஆனா நிக்காது. ஒரே ஒரு தரம் நின்னுச்சு. தேனிலவுக்கு வந்த ஒரு பய, பொஞ்சாதிக்குப் பவுசு காட்டுததுக்கு மணியை ரெண்டு தரம் அடிச்சுட்டான். கீழ மிஷின் ரூம்ல இருக்கவனுவளுக்கு சன்னல் கிடையாது, மணி சொன்னதுதான் வேதம். ரெண்டு அடி, அதுவும் கடைசி நடையில ரெண்டு அடின்னா, அன்னிக்கி வேலை முடிஞ்சுதுன்னு நெருப்பை வாரித் தண்ணியில தட்டிருவானுவ. மறுபடி ஆவி ஏற விடிஞ்சிரும். ராத்திரி பூரா ஊரு திரும்பி நின்னுச்சு. மேட்டுப்பாளையம் போக வேண்டிய காரட் லாரி ஆனைப்பாறையில போயி நின்னுட்டு, மண்டி எங்கன்னு கேட்டிருக்கான்.” அவள் ஒரு கதிரில் உப்பும் மிளகாயும் தேய்த்து நீட்டினாள். “இந்தா, தின்னு. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு.”

வசந்தாமணி கதிரை வாங்கிக்கொண்டு நின்றாள். ஒரு மணிகூடக் கடிக்கவில்லை.

ஐந்து மணிக்கு அகத்தாள் கூவியது. வெள்ளைத் தொப்பி போட்ட ஹனீபா, புறப்படும் மணியை அடிக்க யாராவது பெண்பிள்ளைகள் வரலாம் என்று கூப்பிட, கோகிலா, “எங்கக்காவ அடிக்க உடுங்” என்று வசந்தாமணியைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “ஒரு தரந்தாம்மா இழுக்கணும்” என்றார் ஹனீபா. அவள் ஒரு தரம் இழுத்தாள். கரையில் போலீஸ்காரர் கயிற்றைக் கட்டுவது தெரிந்தது. பிறகு சக்கரங்கள் தண்ணீரை அறைய, கீழத்துறையும், அதில் எஸ்தரின் அடுப்புப் புகையும், பேருந்து நிலையத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்ற அவர்களுடைய சிவப்பு வண்டியும், ஒன்றன்பின் ஒன்றாக அவர்களை விட்டு விலகிப் போயின. தையல் லைன் முழுக்கக் கைதட்டியது. மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கடந்துபோனார்கள், பள்ளிக்கூடம் கடந்துபோனது, ஒரு நாய் அசையாமல் நின்றபடி கடந்துபோனது. அந்தச் சமயத்தில் மலையிலிருந்து மஞ்சு இறங்கத் தொடங்கி, முதலில் மலையை மறைத்தது, பிறகு கரையை, பிறகு புகைபோக்கியின் உச்சியை.

வசந்தாமணியால் உட்கார முடியவில்லை. இந்தப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்தப் பக்கம் போய் நின்றாள், துணிப்பையைத் தோள் மாற்றினாள். நாச்சிமுத்து பொட்டலத்துக் கடலையை உரித்துக்கொண்டு அவளையே பார்த்தார். “என்ன இப்படித் திரியறே? ஒரு எடத்துல உக்காரு.”

“குளுருதுங்க.”

“பையில துண்டு வெச்சிருக்கறயில்ல, எடுத்துப் போத்திக்க.”

துண்டை எடுத்தால் அடியில் இருப்பது தெரியும். “பரவால்லைங்க” என்றாள் அவள்.

பாதிச் சுற்றில் மாதா கோயில் கோபுரம் மஞ்சுக்குள்ளிருந்து வந்து, மேலத்துறை கப்பலின் பக்கவாட்டில் மெல்ல ஒட்டியது. படம் எடுப்பதற்காக இந்த இடத்தில் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் மெதுவாக்குவது வழக்கம். ஹனீபா தன் தொப்பியைக் கழற்றிக் கோகிலாவின் தலையில் வைத்து, அவளும் அவள் தோழிகளும் பிடித்த செல்பிக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். மணிக் கயிறு காற்றில் ஆடியது. வசந்தாமணி நடந்து போனாள். அதைப் பிடித்தபோது, வீட்டு வாசலும் அதில் காலையில் தான் போட்டுவிட்டு வந்த கோலமும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. முப்பது வருடம் புழங்கிய வாசல். அவள் ஒரு தரம் இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள்.

கீழே, ஜன்னல் இல்லாத அறையில், இரண்டு பேர் மண்வெட்டியை எடுத்து, எரிகிற கரியை வாரி, பக்கத்துத் துவாரம் வழியாக ஏரியில் தள்ளினார்கள். தண்ணீர் சீறியது. ஆவியைத் திறந்துவிட்டதும் கப்பல் ஒரு நீண்ட மூச்சு விட, சக்கரங்கள் நின்றன. மஞ்சுக்கு அப்பால் எங்கோ போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்தார். குருக்கள் திரையை விலக்கினார். ஊர் முழுக்க, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து, ஒரு நிமிடம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

ஹனீபா தொப்பி இல்லாத தலையோடு ஓடிவந்தார். “ஏம்மா இழுத்தே?”

வசந்தாமணி கயிற்றை விடாமல் நின்றாள். “என்ற புள்ளை அந்தப் பக்கம் இருக்கறாளுங். கொளந்தை பொறந்து ஒம்பது நாளாச்சுங். எனக்கு வேற வழி தெரியலைங்.”

“இனி ஆவி ஏற விடிஞ்சிடும்மா.”

“விடியட்டுங்.”

அவர் கம்பியோரம் போய், பள்ளிவாசல் இருக்க வேண்டிய திசையில் மஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜமாத்தில் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். “மக்ரிபுக்கு அப்படியே திரும்பி நின்னு தொழுதாப் போச்சு” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு கோகிலாவிடமிருந்து தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு, மெஷினில் சின்னக் கோளாறு, எல்லாரும் மேலத்துறையிலேயே இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம், இரண்டு கிலோமீட்டர்தான் என்று கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார். இறங்கினால் எந்த ரோடு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நடக்கும்போது நாச்சிமுத்து பக்கத்தில் வந்தார். “ரெண்டு அடி ஏன் அடிச்சே?”

“மொத மணிக்கு எடுத்த போட்டோ சரியா உளுகலையாமுங்.”

அவர் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

சிவப்பு வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. வாசலில் ‘திருப்பூர்’ என்று அம்புக்குறி போட்ட பலகையும் நின்ற இடத்தில்தான் நின்றது, இரண்டுமே ஊரோடு சேர்ந்து திரும்பியிருந்தன. தூங்கி எழுந்த டிரைவர் முத்துக்குட்டி கண்ணாடியைத் துடைத்து, விளக்கைப் போட்டு, மஞ்சுக்குள் வண்டியை நகர்த்தினார். எஸ்தர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். வண்டி வாசலைத் தாண்டும்போது அவள் கையை உயர்த்தினாள், நிறுத்தச் சொல்வதைப் போல. கடைசி ஜன்னலில் வசந்தாமணியின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மலைப்பாதைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் வளைகின்றன. கோகிலாவின் கூட்டம் பின்னால் பாட்டுப் பாடியது, முன்னால் நாச்சிமுத்து தூங்கிப்போனார். ஒரு கொண்டை ஊசி வளைவு, இன்னொன்று. வசந்தாமணி ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலைப் பிடித்து எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். மஞ்சு விலகியபோது இருபக்கமும் தேயிலைச் செடிகள், தூரத்தில் ஒரு பாக்டரியின் புகை, வரிசையாக விளக்கெரிகிற தகரக்கூரை வீடுகள். முத்துக்குட்டி வண்டியை நிறுத்திவிட்டு, டீக்கடைக்காரரிடம் என்னவோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“மேனேஜர் சார், தப்பா வந்துட்டமுங். இது ஆனைப்பாறையாமுங். மேல கேட்டையும் சாத்திட்டாங்களாமா. காத்தால ஆறு மணிக்குத்தான் தொறப்பாங்களாம்.”

பாட்டு நின்றது. வண்டிக்குள் எல்லாருக்கும் ஆனைப்பாறை என்ற பெயர் தெரியும். எல்லாரும் நாச்சிமுத்துவின் பின்னந்தலையைப் பார்த்தார்கள். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எப்போது விழித்தார் என்று தெரியாது. மெல்ல எழுந்து, திரும்பி, நாற்பது தலைகளுக்கு மேலாக, கடைசி வரிசையைப் பார்த்தார்.

“நீதான் மணி அடிச்சே.”

“ஆமாங்க.”

“நான் என்ன சொல்லியிருக்கறேன்னு ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க.” வசந்தாமணி எழுந்து நின்றாள். பை தோளில் இருந்தது. “நானாப் போகலைங்க. நீங்களும் நானும் ஒரே வண்டியிலதானுங்க வந்திருக்கறோம்.”

தண்டபாணி தொண்டையைச் செருமினார். அந்த நேரத்தில் கோகிலா, “மேனேஜர் சார், நாப்பத்தாறு பேருக்கு ராத்திரிக்குப் படுக்க எடம் வேணுமில்லீங்? எனக்கு இங்க ஒரு ஊடு தெரியுமுங்” என்று படியிறங்கினாள். அவளுக்குப் பின்னால் லைன் முழுக்க இறங்கியது. வசந்தாமணி கடைசியாக, நாச்சிமுத்துவின் இருக்கையைக் கடந்து, நிற்காமல் இறங்கிப் போனாள்.

லயன்காரர்கள் எதையும் விசாரிக்கவில்லை. மேகமடையிலிருந்து வழி தப்பி வந்த வண்டி இது முதல் தடவை இல்லை. ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பருப்பு, கொழுந்து நிறுக்கிற ஷெட்டில் பாய்கள் என்று பிரித்துக்கொண்டார்கள். ஜெயசீலன், தான் ஒரு காலத்தில் வேலை பார்த்த கம்பெனி முழுவதும் தன் வாசலில் நிற்பதைப் பார்த்து, சட்டையைத் தேடினான். அவன் அம்மா, கூட்டத்தில் யார் சம்பந்தி என்று கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று அழுதவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பிருந்தா கட்டிலிலிருந்து, “நீ எப்படிம்மா வந்தே?” என்றாள். “ஊரு கொண்டாந்து உட்டுதுடி” என்றாள் வசந்தாமணி. குழந்தை ஓவர்லாக் மிஷின் மாதிரித்தான் அழுதது. ஏழு ஜப்லாக்களில் ஒன்றை மாட்டியதும் நிறுத்தியது.

சாப்பாடு முடிந்து, வசந்தாமணி குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள். நாச்சிமுத்து அதே இருக்கையில் இருந்தார், முத்துக்குட்டி கொண்டுவந்து வைத்த தட்டு மூடியபடி பக்கத்தில் இருந்தது. அவள் படியில் நின்றாள், உள்ளே வரவில்லை, குழந்தையை நீட்டவும் இல்லை. வண்டியின் சின்ன விளக்கில் அவர் பார்த்தார். வெகுநேரம், மூட்டையிலிருந்து எடுத்த முதல் பீஸைப் பார்ப்பதைப் போல.

“கைப் பட்டியில பிசிறு நிக்குது” என்றார்.

“அவசரத்துல தெச்சதுங்க.”

அவர் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்து, குழந்தையின் மணிக்கட்டுக்கு அருகே நீட்டிக்கொண்டிருந்த நூலை, தோலில் படாமல், இரண்டு விரலால் துணியைத் தள்ளிப் பிடித்து வெட்டினார். வெட்டிய நூலைக் கீழே போடாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். “வெரல்ல சுத்திக்கும்” என்றார், விளக்கம் கேட்டவர்களுக்குச் சொல்வதைப் போல, யாரும் கேட்கவில்லை என்றாலும். பிறகு, “உள்ள கொண்டு போ. பனி எறங்குது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

காலையில் கேட் திறந்ததும் வண்டி மலையேறியது. மேகமடை இன்னும் திரும்பியபடியே நின்றது. மாதா கோயிலுக்குப் பின்னால் சூரியன் ஏறுவதை லாட்ஜ்காரர்கள் புதுப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் வாசலில் நாலைந்து பேர் ஹனீபாவுக்காகக் காத்திருந்தார்கள். அவரோ விடியலிலேயே நெருப்பு மூட்டி ஆவியை ஏற்றி வைத்துக்கொண்டு, மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்று, சிவப்பு வண்டி பேருந்து நிலையத்துக்குள் நுழைகிறவரை அடிக்கவில்லை. நுழைந்ததும் ஒரு அடி அடித்தார். ஊர் நழுவியது. வண்டி தகரக் கூரைக்கு அடியில் நின்றபடியே, உள்ளே உட்கார்ந்திருந்த அனைவரையும் சுமந்துகொண்டு, பாதி ஏரியைச் சுற்றிக் கிழக்கே போய்ச் சேர்ந்தது. இரட்டை மணி கேட்டது. போலீஸ்காரர் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் இந்தத் தடவை வெயிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

தண்டபாணி நடைபாதையில் நடந்து தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். “நாப்பத்தஞ்சுதான் இருக்குது. ஒண்ணு கொறையுதுங்களே.”

கடைசி வரிசை ஜன்னலோரம் காலியாக இருந்தது. தூக்குப்போசி மட்டும் கழுவி வைக்கப்பட்டிருந்தது.

“கணக்குச் சேரியாத்தான் இருக்குது” என்றார் நாச்சிமுத்து, வெளியே பார்த்தபடி. “கொளந்தைக்குத் தொண்ணூறு நாளு கழிஞ்சா வருவா. முத்துக்குட்டி, நீ வண்டிய எடு.”

2018 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, ஆனைப்பாறை மாரியம்மன் கோயிலில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். நாச்சிமுத்து வந்திருந்தார். சாப்பிடவில்லை.